எத்தனை கிலோவுக்கு

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனவர்கள்
ஜல்லியை விட்டுவிட்டுப் போனார்கள்.
அன்றிலிருந்து அந்த ஜல்லி
எங்கள் இடுப்பெலும்போடு பேசிக்கொண்டிருக்கிறது.

நியூஃபவுண்ட்லாந்தின் நடுவயிற்றில்
மரம் என்று சொல்லிக்கொள்ளக் கூசும் மரங்களுக்கிடையே
நூறு கிலோமீட்டர் அப்படி.
என் நான்கு சக்கர வண்டி
ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக
எனக்கு அறிமுகம் செய்துவைக்கும்.
நாக்கைக் கடிக்காமல் ஒரு வார்த்தை பேச முடியாது.
பேச ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

நண்டு சீசன் முடிந்தது.
ஆலையின் கடைசிச் சம்பளத்தை
மேசைமேல் இரண்டாகப் பிரித்தேன்:
கூரையா, வண்டியா?
இன்னொரு குளிர்காலம் தாங்கிவிடும் என்று
கூரையின் சார்பில் நானே முடிவெடுத்தேன்.

ட்ரைஃபீனாவின் பட்டறையில்
நான்கு டயர்கள், இருபத்தேழு அங்குலம்,
என் கட்டைவிரல் புதையும் பற்கள்.
முகர்ந்து பார்த்தேன்.
செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி.

"சக்கரம் பெரிதானால் இழுவை குறையும்.
கிளட்ச்சில் கை வைக்கணும்.
வளைத்துத் திருப்பினால் கால் வைக்கிற பிளாஸ்டிக்கில் உரசும்.
ஒன்றைத் தொட்டால் ஒன்பது" என்றாள்
அரத்தைத் தேடிக்கொண்டே.

கழற்றிய பழைய ஷாக் அப்சார்பரை
உள்ளங்கையால் அழுத்தினாள்.
போனது, திரும்பி வரவில்லை.
எண்ணெய் எல்லாம் எந்தச் சதுப்பில் கசிந்ததோ.

"இது செத்து ரொம்ப நாளாச்சு.
இத்தனை நாளும் நீதான்
ஷாக் அப்சார்பர்."

சிரித்தேன்.
சிரித்தபோது இடுப்பு வலித்தது.

புதியவை சிவப்பு ஸ்பிரிங்.
கழுத்தில் ஒரு வளையம்,
அதைத் திருகக் கொக்கிச் சாவி.
சாவியை மாட்டிக்கொண்டு கேட்டாள்:
"எத்தனை கிலோவுக்கு வைக்கட்டும்?"

ஸ்பிரிங்கிடம் பொய் செல்லாது.
குறைத்துச் சொன்னால் வயிறு தரையில் இடிக்கும்.
கூட்டிச் சொன்னால் ஆளைத் தூக்கி எறியும்.

பழைய கணக்கு இது:
நான் அறுபத்தெட்டு,
பின்னால் ஆம்ப்ரோஸ் தொண்ணூற்று நாலு.
ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்குப் போனான்,
மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் வீடு.
அந்த ஒரு வாரம் நாலு நாளானது,
நாலு நாள் ஒரு போன் ஆனது,
போன் ஒரு வக்கீல் ஆனது.
வளையத்தை மட்டும் யாரும் தளர்த்தவில்லை.
நாலு வருடமாக
இல்லாத தொண்ணூற்று நாலையும் சேர்த்து இறுக்கிய வண்டியில்
தனியாகக் குலுங்கியிருக்கிறேன்.

"அறுபத்தெட்டு" என்றேன்.

அவள் நிமிரவில்லை.
"இந்த வருடக் குலுக்கலில்
மூஸ் மான் லைசென்ஸ் விழுந்ததா?"

"விழுந்தது."

"அப்போ ஒரு தொடையாவது பின்னால் வரும்."
வளையத்தை இரண்டு பல் இறுக்கினாள்.
"எப்போதாவது ஏறி
இறங்கிப் போகிற பாரத்துக்கு
இவ்வளவு போதும்."

மறுநாள் விடிகாலை
டயர்களில் ஐந்து பவுண்டு காற்று மட்டும்.
வயிறு நிறையாமல் எழுந்தவன்போல்
லேசாகத் தளர்ந்து உருண்டன.

கற்கள் அங்கேயேதான் இருந்தன.
ஒன்றும் குறையவில்லை.
ஆனால் அவற்றுக்கும் எனக்கும் நடுவே
யாரோ ஒரு சும்மாடு வைத்திருந்தார்கள்.
கல்லின் கத்தல்
முணுமுணுப்பாக வந்து சேர்ந்தது.
கைப்பிடியை நெரிக்காமல் பிடிக்கலாம் என்பதையே
பதினெட்டாவது கிலோமீட்டரில்தான் கவனித்தேன்.

உடைந்த மரப்பாலத்துக்கு முந்தைய திருப்பம்.
அங்கேதான் முதுகில் ஒரு தட்டு விழும்: மெதுவா.
விரல் தானாக ஆக்ஸிலரேட்டரை விட்டது.
வண்டி நின்றது.
சதுப்பில் ஒரு வாத்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
தன் வேலையைத் தொடர்ந்தது.

மறுபடி விரலை அழுத்தினேன்.
பின்சக்கரங்கள் சேற்றைக் கவ்வி
என்னை வெளியே தூக்கின.
அறுபத்தெட்டு கிலோ,
சரியாக.

முழுக்க இடப்பக்கம் ஒடித்தால்
இன்னும் கொஞ்சம் உரசத்தான் செய்கிறது.
அரம் வாங்கிவிட்டேன்.
கூரை அக்டோபரிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது.